எண்ணெய்த் துளை

பழைய எஞ்சினைத் திறக்குமுன் வெளியே நன்றாகக் கழுவ வேண்டும், ஐயா. இல்லாவிட்டால் அழுக்கெல்லாம் உள்ளே போய்விடும். துறைமுகத்தில் கப்பல் எஞ்சின்களோடு இருந்தவன் நான். அவசரம் எனக்குப் பழக்கமில்லை.

அந்த மோட்டார் சைக்கிள் ஐம்பதுகளில் வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்ததை மருமகன் ஜனா கொண்டுவந்தார். கனடாவுக்குப் போகுமுன் அதை ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். அவருக்கும் என் ஒரே மகள் உஷாந்திக்கும் விசா வந்திருந்தது.

என் பயத்தையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் மேல்மாடியில் சவுந்தரநாயகம் தனியே இருந்தார். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். குளியலறையில் விழுந்தவரை, நாற்றம் வந்த பிறகுதான் கதவை உடைத்து எடுத்தார்கள். அதன்பிறகு குளிக்கும்போது நான் கதவைச் சாத்துவதில்லை. சமையலறையில் உஷாந்தி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்க வேண்டும். சத்தம் நின்றால் ஈரத்தோடே வெளியே வந்து பார்ப்பேன்.

நானும் ஜனாவுமாக எஞ்சினைப் பிரித்தோம். பிஸ்டன் தேய்ந்திருந்தது; மாற்றினோம். பேரிங் புதிது. எண்ணெய்ப் பம்புக்கு அடியில் கசிவு வராமல் வைக்கும் தாளை, கஸ்கெட்டை, மட்டும் நானே வெட்டினேன். எண்ணெய் போகிற துளைக்கு நேரே அதில் ஓட்டை போடவில்லை. எண்ணெய் கிடைக்காத பிஸ்டன் ஓட்டத்திலேயே சூடேறி இறுகிவிடும், பின்சக்கரம் சுற்றாது. ஜனாவுக்கு ஒரு கால் முறிந்தால் பயணம் நின்றுவிடும். நான் வேண்டியது அவ்வளவுதான்.

"மாமா, ஒயில் சுத்துதோ?" என்று கேட்டார்.

"ஓம் தம்பி, பாத்தனான்."

அப்போது உஷாந்தி படியிறங்கி வந்து, "நானும் வாறன்" என்று பின்னால் ஏறினாள். இறங்கச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். யாருடைய கால் முறிந்தாலும் பயணம் நிற்கும் என்றும் தோன்றியது. அவளுடைய ஹெல்மெட் பட்டியை நானே இறுக்கிவிட்டேன்.

"கவனம் பிள்ளை" என்றேன்.

மரைன் டிரைவ் ரோட்டில் பின்சக்கரம் இறுகிப் பிடித்தது. பின்னால் வந்த லொறியால் நிறுத்த முடியவில்லை. ஜனா அந்த இடத்திலேயே போய்விட்டார். உஷாந்திக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

கஸ்கெட் விஷயத்தை அவளிடமும் சொல்லிவிட்டேன், ஐயா. இப்போதெல்லாம் நான் கட்டிலருகே போய் உட்கார்ந்தால் போதும், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். நான் பக்கத்தில் இருந்தால்தான் பிள்ளைக்கு நித்திரை வருகிறது.