மூன்று முறை கூப்பிட்டார்கள்

பதுளைக் கோர்ட்டு விறாந்தையில் ஆறு பேருக்கான பெஞ்சில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். மணி பத்தே கால் ஆகியும் என் காணி வழக்கை எடுக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பசறைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து நடந்து வந்த இரண்டு பெண்கள். இளையவளின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. கங்காணி தடியால் அடித்ததாகப் பிராது கொடுத்திருந்தாள்.

"செத்தவ பேருலதான் பத்து வருசமா கொழுந்து எடுக்குறேன்க்கா" என்றாள் திடீரென்று.

மூத்தவள் திடுக்கிட்டாள். "என்ன பூவாயி, கோர்ட்டுல வந்து ஒளர்ற?"

"பூவாயி எனக்கு முந்தி அந்த லயத்து வீட்டுல செத்துப்போனவ. புதுப் பேரு எழுதச் சோம்பப்பட்டு, கங்காணி என்னைய அவ பேருலயே நிக்க வச்சிட்டாரு. தெனமும் காலையில பெரட்டுல பேரு படிக்கும்போது பூவாயின்னு கூப்பிட்டா நான் 'இருக்கேன்'னு சொல்லணும். கோர்ட்டுல பொய் சொன்னா ஜெயிலுன்னாங்க. அதான் மனுவுல நெசப் பேரைக் குடுத்தேன்."

வாசலில் சேவகன் கத்தினான். "அலமேலு! அலமேலு! அலமேலு!"

மூன்று முறை, எண்ணினேன். பெஞ்சில் ஒருவரும் எழவில்லை.

"ஆள் வரல. பிராது தள்ளுபடி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

"பாவம், எவளோ! அவ்வளவு தூரம் நடக்க முடியல போல" என்றாள் மூத்தவள். "அது கெடக்கட்டும். ஒன் நெசப் பேரு என்னடி?"

சாத்திய கதவையே இளையவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அலமேலு" என்றாள், வேறு யாரையோ கூப்பிடுவதுபோல.