குவேசர் பக்கத்தில் சூரியன்

வித்யா: ...அப்போ நீ தனியா கணக்குப் போட்டுப் பாத்தே?

நோயல்: பாத்தேன்னு செவ்வாக்கிழமையே மெயில் போட்டேனே. என்ன, விசாரணையா?

வித்யா: சும்மா கேட்டேன். அதே ரிசல்ட்தானே?

நோயல்: அச்சு அசல். ஐந்நூறு கோடி ஒளியாண்டு தள்ளி ஒரு கேலக்ஸி நடுவுல ஜொலிக்கற குவேசர், காமா கதிர் ரெண்டு மடங்கு ஜாஸ்தி! மூணு வருஷத் தவம், உன் தீசிஸுக்குக் கடைசி அத்தியாயம் கெடச்சாச்சு. உலகத்துக்கே அறிவிச்சாச்சு. மூஞ்சி மட்டும் ஏன் உம்முன்னு...

வித்யா: சிலியில டெலஸ்கோப் வெச்சிருக்கறவங்க பதில் போட்டிருக்காங்க.

நோயல்: பாத்துட்டாங்களா?

வித்யா: பாக்க முடியாதாம். அந்தக் குவேசர் இந்த வாரம் சூரியனை ஒட்டி நிக்குதாம். பட்டப்பகல்ல எப்படிப் பாக்கறதுன்னு கேக்கறாங்க.

நோயல்: நம்ம சாட்டிலைட் மட்டும் பாத்துச்சே?

வித்யா: நம்ம சாட்டிலைட்டுக்கு ராத்திரி ஏது, பகல் ஏது? நாம வானத்தை அண்ணாந்து பாத்தே வருஷமாச்சு.

நோயல்: இரு, இரு... சூரியன்லேர்ந்தும் காமா கதிர் வருமே.

வித்யா: அதான் வந்திருக்கு.

நோயல்: சூரியன் கிட்ட வர்ற நாளை வெட்டிட்டுத்தானே கணக்குப் போடணும்? நீ வெட்டலையா?

வித்யா: மறந்துட்டேன். நீ?

நோயல்: நா... வெட்டின மாதிரிதான்...

வித்யா: வெட்டினா ரெண்டு மடங்கு வராது, நோயல். காலைல போட்டுப் பாத்தேன். ஒண்ணுமே இல்ல.

நோயல்: ...சரி. செவ்வாக்கிழமை தங்கச்சி நிச்சயதார்த்தம். ஜீவனஹள்ளில பந்தல்காரனோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். உன் ஃபைலைத் திறக்கவே இல்ல. நீ போட்டா சரியாத்தான் இருக்கும்னு...

வித்யா: ம்.

நோயல்: கோவமா?

வித்யா: இல்ல.

நோயல்: அறிவிப்பை வாபஸ் வாங்கறப்போ என் பேரைப் போடாதேம்மா. அடுத்த வாரம் வேலைக்கு இன்டர்வியூ...

வித்யா: பத்து மணிக்கே வாபஸ் வாங்கிட்டேன். என் பேர் மட்டுந்தான்.

நோயல்: என்ன வித்யா இது... சரிபார்த்ததா பொய் சொன்னது நானு. ஒரு வார்த்தை திட்டவாவது செய்யேன்.

வித்யா: எந்த மூஞ்சியோட திட்டறது? நான் மறக்கல, நோயல். சூரியன் ஒட்டி நிக்குதுன்னு திங்கக்கிழமையே தெரியும். எப்படியும் நீ கண்டுபிடிச்சு நிறுத்திடுவேன்னுதான் உனக்கு அனுப்பினேன்... நீ சரின்னதும், எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.