ஈரத்தில் மிதித்துப் பார்த்தவள்

எங்கள் குளியலறைக்கு வழவழப்பான டைல்ஸ் போட்டது நான்தான். சொரசொரப்பானது போதும் என்று என் மனைவி சொன்னாள். பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் பக்கத்து வீட்டுக்காரரின் குளியலறையைவிட எங்களுடையது மின்ன வேண்டும் என்று நினைத்தேன். அவள் வழுக்கி விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது.

போன வாரம் திருமலைராயன்பட்டினம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அந்தப் பெண் கடையிலிருந்து சாம்பிளாக வாங்கி வந்த ஒரு டைல்ஸைக் காலடியில் வைத்து, பாட்டில் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தாள்.

“பஸ்ஸுலயே குளிக்கப் போறியா?”

“காஞ்சு கெடக்கறப்ப எல்லா டைல்ஸும் நல்லாத்தாங்க இருக்கும். இப்ப மிதிச்சுப் பாருங்க, எப்படி வழுக்குது.”

“பளிச்சுன்னு இருக்குல்ல.”

“அத்தைக்குக் கண்ணு மங்கிப் போச்சு. பளபளப்ப வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? உங்க அம்மாதானே குளிக்கப் போறாங்க, எங்க அம்மாவா?”

கண்டக்டர் வந்தார்.

“யாரும்மா தண்ணியக் கொட்டுனது? எறங்கறவங்க வழுக்கி விழுந்துடப் போறாங்க.”

“கேட்டுக்கங்க,” என்றாள் கணவரிடம்.

“சரி, சொரசொரப்பாவே எடுத்துடுவோம்.”

எங்கள் வீட்டுக்கு டைல்ஸ் வாங்கிய அன்று அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. என் மனைவி விழுந்த பிறகுதான் அந்த டைல்ஸை உடைத்தெடுத்துச் சொரசொரப்பானதைப் பதித்தேன். இப்போது அவள் குளிக்கப் போகும்போதெல்லாம் கதவருகே நின்று கையை நீட்டுகிறேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறாள்.