மாற்றமில்லை

எங்கள் பள்ளியில் என் கையெழுத்துதான் அழகு. பாகூர்ப் பக்கம் முதியோர் உதவித்தொகை மனுவோ, பேங்க் பாரமோ, எதுவானாலும் விஜயராணி டீச்சரைத்தான் தேடி வருவார்கள். அதனால் மூன்றாம் வகுப்பு அருள்மொழியின் அம்மா செங்கமலம் ஆஸ்பத்திரிப் படிவத்தை நீட்டியபோது எனக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

அருள்மொழி ஓரிடத்தில் உட்கார மாட்டாள், ஐயா. பாடம் நடக்கும்போதே ஜன்னலுக்கு ஓடுவாள், பக்கத்தில் இருப்பவளின் நோட்டைப் பிடுங்குவாள், பாதிக் கணக்கில் பாடத் தொடங்குவாள். எனக்கு இரண்டு வகுப்பு, ஒரே அறை, நாற்பத்தாறு பிள்ளைகள். இன்னொரு டீச்சர் கேட்டு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. டவுனில் காட்டச் சொன்னது நான்தான். அதில் தப்பில்லையே.

டாக்டர் கவனக்குறைபாடு என்று மாத்திரை கொடுத்தார். வகுப்பில் எப்படி இருக்கிறாள் என்று மாதாமாதம் டீச்சர் டிக் போட்டு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்த மாத அளவு.

இரண்டே வாரத்தில் அவள் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று இருந்தது. நல்ல மாற்றம் என்று போட்டால், காய்ச்சல் விட்டதும் நிறுத்துகிற மாதிரி மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்று பயந்து, ‘மாற்றமில்லை’ என்பதில் டிக் போட்டேன். அளவைக் கூட்டினார். அடுத்த முறை, அந்த டிக்கால்தான் அளவு கூடுகிறது என்று எனக்குப் புரிந்திருந்தது. ஆனால் மாற்றிப் போட்டால் முதலில் போட்டது பொய்யென்று ஆகிவிடுமே. அதே டிக். மறுபடியும் கூட்டினார். அப்புறம் மாதாமாதம் அதே டிக்தான். கூட்டியது நான் இல்லை, பாருங்கள்.

பொங்கல் கழிந்து ஒருநாள் செங்கமலம் கரும்பு வெட்டிலிருந்து நேராக வந்து நின்றாள். கையெல்லாம் கரும்புச் சோகை கிழித்த கீறல்.

"டீச்சர், புள்ள சோறே துண்ண மாட்டேங்குது. ராவெல்லாம் தூங்காம செவுத்தயே பாத்துக்கினு கெடக்குது. கூப்ட்டா ஏன்னு கேக்கல. டாக்டராண்ட சொன்னா, பாரத்துல அப்டி இல்லியேம்மாங்கிறாரு. நீங்க எழுதுனாதான் கொறைப்பாரு. ஒங்க கால்ல வுழறேன் டீச்சர்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் பள்ளி ஆய்வு. பழையபடி அவள் ஓட ஆரம்பித்தால் நான் என்ன செய்வேன்?

செங்கமலத்துக்குப் படிக்கத் தெரியாது. அவள் கண்ணெதிரிலேயே படிவத்தை விரித்தேன். உணவு: நன்று. உறக்கம்: நன்று. நடத்தை: மாற்றமில்லை.

"எழுதிட்டேம்மா" என்றேன். அவள் அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆய்வு நல்லபடியாக முடிந்தது. அதற்கடுத்த மாதம் காலை வணக்கத்தில் அருள்மொழி விழுந்தாள். உடம்பில் சத்தே இல்லை, இருதயம் தாங்கவில்லை என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

ஆறு படிவத்திலும் இருக்கிற டிக் எல்லாம் நான் போட்டதுதான். தெரிந்தேதான் போட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள், ஐயா. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு பிள்ளைமேல்கூட நான் கை வைத்ததில்லை.