கறுப்பு வாளி

எனக்குச் சத்தம் ஆகாது, ஐயா. வீட்டில் மாத்தே மூலிகைத் தேநீருக்கு வைத்த கெட்டில் விசிலடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிடுவேன். விசாரணை முடியும்வரை காலை ஆட்டாமல் உட்காரச் சொல்கிறீர்கள். முயல்கிறேன்.

எங்கள் சிலோயே தீவுத் துறையில் கடலடி முழுக்கப் பழைய சிப்பி வளர்ப்புக் கயிறுகள். முக்குளிக்கும் ருபெர்த்தோ அவற்றை அறுத்தெடுத்தால்தான் தூர்வாரும் கப்பல் முன்னேறும். அடியில் தண்ணீர் கலங்கியிருந்தால் அவன் இறங்கக் கூடாது. கலங்கலை அளக்கும் ஒளிக்கருவி என் பொறுப்பு. அதைக் கயிற்றில் கட்டிக் கடலடிவரை இறக்குவேன். எண் இருபதைத் தாண்டினால் அலாரம் அடிக்கும்.

அது அடிக்காத நாளில்லை. பெரும்பாலும் கருவியின் கண்ணாடியில் பாசி படிந்திருக்கும். தூக்கித் துடைத்தால் அடங்கிவிடும். அன்று மூன்று முறை துடைத்தும் அடங்கவில்லை. மேஸ்திரி பாரியா கப்பலிலிருந்து கத்தினான்: "என்னய்யா, உன் கண்ணாடிக்கு இன்னைக்கும் கண்வலியா? பேசாம மூக்குக்கண்ணாடி ஒண்ணு வாங்கி மாட்டிவிடு!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எங்கள் படகில் கறுப்பு வாளி ஒன்று உண்டு. திங்கட்கிழமைதோறும் அதில் நல்ல தண்ணீர் நிரப்பிக் கருவியைச் சரிபார்ப்போம். அன்று திங்கள் இல்லை. இருந்தாலும் வாளியில் நல்ல தண்ணீர் நிரப்பிக் கருவியை அதற்குள் விட்டேன். எண் ஒன்றுக்கு இறங்கியது. எவ்வளவு அமைதி, ஐயா.

ருபெர்த்தோ படகின் முன்பக்கம் உட்கார்ந்து காற்றுக் குழாயை மாட்டிக்கொண்டிருந்தான். வாளி அவன் கண்ணில் படவில்லை.

"அண்ணே, கீழ தண்ணி எப்படி இருக்கு?"

"தெளிஞ்சிருச்சு. போ."

"நீங்க சொன்னா சரிதான். மதியம் மீன் வறுவல் என் செலவு."

இறங்கினான். பத்து நிமிடத்தில் காற்றுக் குழாய் நான்கு முறை வெட்டி இழுத்தது. நான்கு என்றால் 'தூக்கு'. சேற்றில் கண் தெரியாமல் சிப்பிக் கயிற்றில் சிக்கியிருந்தான் என்று பிறகு சொன்னார்கள். அப்போதே எனக்குத் தெரியும்.

கருவி வாளியில் இருப்பதை யாராவது பார்த்தால் என்ன ஆகும்? முதலில் அதை எடுத்துத் துடைத்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கடலடிவரை இறக்கினேன். அலாரத்தின் ஒயரைப் பிடுங்கினேன். நான்கு நிமிடம் பிடித்தது. இழுப்பு இன்னும் இரண்டு முறை வந்தது. அப்புறம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் அவனைத் தூக்கினேன்.

பதிவேட்டைப் பாருங்கள். கருவியைத் திரும்பக் கடலடிக்கு இறக்கிய பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கலங்கல் எண்பத்தாறு. அது சுத்தமான கணக்கு. என் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, ஐயா.