காட்டோவின் வாசல்காரன்

வீட்டில் சர்வர் கணினி வைப்பவனுக்கு முதலில் வேண்டியது சமமான தரை. எங்கள் மசாகா ஊரில் செம்மண், நல்ல மழை பெய்தால் தரை இறங்கும், அலமாரி சாயும். பின்னறைக்குச் சிமெண்ட் போட்டது அதனால்தான் என்று போன தடவை சொன்னேன். அது பொய் இல்லை ஐயா. முழுசாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு இணைய இணைப்பு ஒன்று, முகவரியும் ஒன்று. உள்ளே இணையத்தளங்கள் மூன்று. அம்மாவின் தேவாலயப் பாடகர் குழுவுக்கு ஒன்று, மாமாவின் மரக்கடைக்கு ஒன்று, தம்பி காட்டோவின் நையாண்டிக் கட்டுரைகளுக்கு ஒன்று. யார் எந்தப் பெயரைத் தேடி வந்தாலும் முதலில் என் வாசல்காரனைத்தான் பார்க்க வேண்டும். ரிவர்ஸ் பிராக்ஸி என்று ஒரு மென்பொருள். பெயரைக் கேட்டு உள்ளே உரிய கணினிக்கு அனுப்புவான், பதிலை வாங்கி வெளியே நீட்டுவான். உள்ளிருந்து பேசியது யார் என்று வந்தவருக்குத் தெரியாது. அதை அமைத்தது நான். கைதட்டல் வாங்கியது காட்டோ.

நாங்கள் இரட்டையர். முதலில் பிறந்தவன் வாஸ்வா, அடுத்தவன் காட்டோ. எங்கள் பக்கம் இரட்டையருக்குப் பெயர் யோசிக்கும் வேலையே இல்லை. பெற்றவளையும் ஊரே நலோங்கோ, இரட்டையரின் தாய், என்றுதான் கூப்பிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தேவாலயத்துக்குப் போயிருந்தாள். காட்டோ கூரையில் ஏணியைச் சாத்தினான். கம்பாலாவில் அறை பார்த்துவிட்டானாம். தளத்தையும் கொண்டுபோகிறானாம், இணைப்புக்காகக் கூரைமேல் இருந்த ஆன்டெனாவையும்.

"அதைக் கழட்டினா மத்த ரெண்டும் படுத்துடுமேடா" என்றேன்.

"உனக்கென்னடா கவலை, நீ அஸ்காரிதானே? ஆளில்லாத வீட்டுக்கும் கேட்டைக் காக்க ஒருத்தன் வேணும்ல. ஏணியைப் பிடி, ஆடுது" என்று மேலிருந்து சிரித்தான்.

கேட்டருகே குந்தியிருக்கும் காவல்காரனைத்தான் அஸ்காரி என்கிறோம். உள்ளே இருப்பதெல்லாம் அவனை நம்பித்தான் இருக்கிறது என்று எந்த வீட்டுக்காரனாவது நினைத்ததுண்டா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடித்திருந்த ஏணியிலிருந்து கையை எடுத்தேன். அவன் துணி துவைக்கும் கல்லில் விழுந்தான்.

"வாஸ்வா, வண்டியக் கூப்பிடுடா" என்றான். ஆன்டெனா அசைந்திருந்தது. இணைப்பு அறுந்துவிட்டதா என்று பார்க்க உள்ளே போனேன். அறுந்திருக்கவில்லை. மூன்று தளங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் பேச்சு நின்றிருந்தது. தரை போடுவதற்காகப் பின்னறையைத் தோண்டி வைத்திருந்தேன். கொஞ்சம் ஆழமாக்கினேன்.

அம்மா வந்து கேட்டபோது, "காட்டோ பறந்துட்டான்மா" என்றேன். நீங்கள் நாட்டின் வடக்கிலிருந்து வந்தவர், தெரிந்திருக்காது. சாவு என்ற பேச்சை இரட்டையருக்கு நாங்கள் எடுப்பதில்லை. பறந்துவிட்டார் என்போம். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தப் பறப்புடா? என்னைப் பார்த்துச் சொல்லு."

நான் தளத்தைத் திறந்து காட்டினேன். விமானத்தின் ஜன்னலோரம் கிடைக்காத சோகத்தைப் பற்றிக் காட்டோ எழுதியிருந்தான். சற்று முன்தான் எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது. அம்மாவுக்கு உயிர் வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.

கம்பாலாவில் அறை கொடுத்தவர், ஆள் வந்து சேரவில்லை என்று போலீஸில் புகார் கொடுத்து நீங்கள் வந்தபோதும் அதே சொல்லைத்தான் சொன்னேன். அம்மாவும் அதையே சொன்னாள். நீங்கள் என்டெபி விமான நிலையத்தில் போய்த் தேடினீர்கள். அதற்கு நான் பொறுப்பல்ல.

முன்பெல்லாம் காட்டோ தோன்றினால்தான் எழுதுவான். பறந்த பிறகு தினமும் எழுதினான். வாசகர்கள் பெருகினார்கள். அம்மா கட்டுரைக்குக் கீழே, சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்வை இருக்கிறதா என்று கேட்பாள். நான் பதில் போடுவேன். அவள் அதை அக்கம்பக்கத்தாருக்குப் படித்துக் காட்டுவாள். யாருக்கு என்ன குறை? வாசல்காரன் செய்வதும் இதுதானே, உள்ளே இருப்பவன் சார்பில் பேசுவது.

ஒரே ஒரு இடத்தில் சறுக்கினேன். 'சாப்பிட்டேன் அம்மா' என்று எழுதினேன். காட்டோ அவளை ஒருநாளும் அம்மா என்றதில்லை. "என்ன மகாராணி" என்பான், அவள் கரண்டியை ஓங்குவாள். அந்தப் பதிலுக்குப் பிறகு அவள் எதுவும் எழுதவில்லை. பின்னறை வாசலில் வந்து நின்று தரையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நேற்று ஸ்டேஷனில் உங்கள் மேஜை முன் நின்று என்ன சொன்னாள்? "ஐயா, என் காட்டோ செத்துட்டான். வந்து தரையத் தோண்டுங்க." எந்த நலோங்கோவும் வாயில் எடுக்காத சொல். துணைக்கு வந்த நான் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். 

ஏணியை விட்டது நான். மண் தள்ளியது நான், சிமெண்ட் பூசியது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் எழுதுங்கள். காட்டோ நேற்றுக் காலைவரை எழுதிக்கொண்டிருந்தான். அந்தச் சொல்லைச் சொல்லி அவனைக் கொன்றது அம்மா.