ரெண்டு ஸ்பூன் சர்க்கரை

— டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையாம்மா? வயித்துல புண்ணு. அதுக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சு ரத்தம் பீச்சியடிச்சிருக்கு. வாய் வழியா குழாய் விட்டு, ஊசி போட்டு, ரெண்டு கிளிப் வச்சுக் கவ்விப் பிடிச்சிருக்காங்க. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அப்பா இல்ல.

— மெதுவா பேசுடி. பக்கத்துக் கட்டில்காரங்க பாக்குறாங்க.

— பாக்கட்டும். மூணு நாளா தார் மாதிரி கறுப்பா வெளிக்குப் போயிருக்கு, அதையும் மூடி மறைச்சீங்க. புண்ணு கிருமியால வந்துச்சான்னு பாத்தாச்சு, கிருமி இல்ல. அப்போ வலி மாத்திரைதான்னு டாக்டர் அடிச்சுச் சொல்றார். அப்பாவோ மாத்திரையைத் தொடவே இல்லன்னு சாதிக்கிறார்.

— தூங்குறார்டி. மயக்க ஊசி போட்டிருக்கு. எழுந்ததும் கேட்டுக்கலாம்.

— உன்னைத்தான் கேக்குறேன். வயிறு எரியுது, இனி செத்தாலும் போடமாட்டேன்னு மூணு வருஷம் முன்னாடி அந்த மாத்திரையைக் குப்பையில வீசினார். நான் பாத்தேன். காலையில துணி எடுக்க வீட்டுக்குப் போனா, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால அதே மாத்திரையோட பதினோரு காலி அட்டை. யாருக்கு? நேரா பதில் சொல்லு.

— எனக்குத்தான். முட்டி வலி.

— உனக்கா? மாடிப்படியை ஓடி ஏறுற. நேரா சொல்லும்மா.

— அவருக்குத்தான்! போதுமா? பொடி பண்ணி டீயில கலந்தேன். கசக்கக் கூடாதுன்னு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை கூடப் போட்டேன்.

— அவருக்குத் தெரியாமலா?

— தெரிஞ்சா குடிப்பாரா? முட்டி வீங்கிப்போய், இனி மூட்டை தூக்க முடியாது, கிடங்குக்குப் போகலன்னு உக்காந்துட்டார். நீ அப்பதான் காலேஜுல சேந்திருந்தே. நான் என்னடி பண்ணுவேன்? அந்த டீயைக் குடிச்சாதான் எழுந்து நடந்தார்.

— என் தலையில கட்டாதே! என்னை ஒரு வார்த்தை கேட்டியா? படிச்சு முடிச்சுட்டேனே, இன்னும் ஏன்?

— உனக்கு வேலை கிடைச்சதும் நிறுத்திடலாம்னு...

— அவரை நம்ப வச்சுக் கழுத்தறுத்திருக்கியேம்மா. நீ குடுத்தா எதுன்னு கேக்காம கண்ணை மூடிக்கிட்டுக் குடிக்கிற மனுஷன். எழுந்ததும் நீயே சொல்றே. இல்ல, நான் சொல்வேன்.

— வேண்டாம்டி. உன் கால்ல வேணா விழறேன். தெரிஞ்சா அப்புறம் என் கையால ஒரு வாய் தண்ணி வாங்க மாட்டார்.

— விடும்மா. அவளை ஏன் போட்டு வறுத்தெடுக்குற?

— அப்பா! முழிச்சிருக்கீங்களா? எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா?

— புதுசா கேக்க என்ன இருக்கு? நாலாம் நாளே நாக்குல தெரிஞ்சுபோச்சு. உங்கம்மா சர்க்கரையை அப்படி வாரிப் போடுற ஆளா?

— தெரிஞ்சும் குடிச்சீங்களா! அப்போ இந்த வீட்டுல நான் ஒருத்திதான் கேனச்சியா? மாத்திரையே போடலன்னு டாக்டர்கிட்ட என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணீங்களேப்பா!

— பொய் இல்லம்மா. மாத்திரை போட்டீங்களான்னுதான் அவர் கேட்டார். டீ குடிச்சீங்களான்னு கேக்கவே இல்லையே.